நாற்பதாவது ஆள்

எங்கள் வீட்டில் யாரும் எலும்புக்கூட்டைப் பார்த்து அலறியதில்லை. எங்கள் பிழைப்பே அதுதான். பள்ளிக்கூட ஆய்வுக்கூடங்களிலும் மருத்துவக் கல்லூரிகளிலும் இரும்புக் கம்பியில் தொங்குமே, அந்தப் பிளாஸ்டிக் எலும்புக்கூடு, அதைச் செய்கிற பட்டறை எங்களுடையது. அப்பா ஆரம்பித்தார். அவர் போன பிறகு நானும் தம்பியும் நடத்துகிறோம். ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். மண்டையை மடியில் வைத்துப் பல் பொருத்திக்கொண்டே டீ குடிப்பார்கள். புதிதாகச் சேருகிறவர்கள் முதல் நாள் மிரளுவார்கள். மூன்றாம் நாள் விலா எலும்பில் குடையை மாட்டிவிட்டு வேலைக்கு உட்காருவார்கள்.

பட்டறைக்கென்று ஒரு பேச்சு உண்டு. முழு எலும்புக்கூட்டுக்கு 'ஆள்' என்று பெயர். "ரெண்டு ஆள் காஞ்சுதா?", "அந்த ஆளுக்கு இன்னும் தலை மாட்டலையா?" என்று சர்வ சாதாரணமாகக் கேட்டுக்கொள்வோம். வெளியாள் யாராவது காதில் வாங்கினால் போலீசுக்குத்தான் ஓடுவார்கள். ஆனால் 'பிளாஸ்டிக்' என்ற சொல்லை மட்டும் நாங்கள் யாரும் சொன்னதில்லை. ஏன் சொல்ல வேண்டும்? எங்களைப் பொறுத்தவரை எலும்பு என்பது பிளாஸ்டிக்கில்தான் வரும்.

அலுவலக அறையின் மூலையில் வாத்தியார் நிற்பார். அவரைப் பார்த்துத்தான் அப்பா முதன்முதலில் அச்சு எடுத்தார். எல்லா அச்சுக்கும் அவர்தான் பாடம், அதனால் வாத்தியார். கெட்டியாக வார்னிஷ் பூசி, பழுப்பேறி, தாங்கியில் கொஞ்சம் சாய்ந்து நிற்பார். ஆறு வயதில் பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேரே பட்டறைக்கு வருவேன். "குட் ஈவினிங் சார்" என்று சொல்லி, புத்தகப் பையை அவருடைய இடது கையில் மாட்டிவிட்டு, காலடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். எட்டு வயதில் பேனாவை உதறியபோது அவர் மணிக்கட்டில் நீல மை தெறித்துவிட்டது. அப்பா முதுகில் இரண்டு வைத்தார். மை கடைசிவரை போகவில்லை. சாயங்காலம் பட்டறையைப் பூட்டும்போது அம்மா வந்து அவர்மேல் ஒரு பழைய துணியைப் போர்த்திவிட்டுப் போவாள், காலையில் வந்து எடுப்பாள். தூசி படாமல் இருக்க என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

இந்த வருஷம் வெளிநாட்டு மருத்துவக் கல்லூரி ஒன்று நாற்பது ஆள் கேட்டு எழுதியது. உள்ளூர்ப் பள்ளிக்கூடங்களெல்லாம் இப்போது திரையில் படம் காட்டத் தொடங்கிவிட்டன. போன வருஷம் நான்கு மாதம் பட்டறை ஈ ஓட்டியது. இந்த நாற்பதும் சொன்ன தேதிக்குப் போய்ச் சேர்ந்தால் வருஷா வருஷம் எங்களிடமே வாங்குவதாகச் சொன்னார்கள். போய்ச் சேராவிட்டால் பட்டறையை மூட வேண்டியதுதான். இதை நான் ஒன்பது பேரிடமும் மறைக்காமல் சொல்லிவிட்டேன். கல்லூரி திறப்புக்குள் சேர வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமைக் கப்பலில் ஏற வேண்டும். அடுத்த கப்பல் பதினெட்டு நாள் கழித்து.

நாங்கள் அதுவரை ஒரு தபால் பொட்டலம்கூட வெளிநாட்டுக்கு அனுப்பியதில்லை. விசாரித்ததில் இரண்டு பெயர்கள் கிடைத்தன. ஒருவர் கஸ்டம்ஸ் புரோக்கர். இன்னொருவன் ஃப்ரெயிட் ஃபார்வர்டர். இரண்டும் ஒன்றுதானே என்றுதான் நானும் நினைத்தேன்.

முதலில் புரோக்கரிடம் போனேன். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடி. ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மாள். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். மேசையில் கோப்புகளுக்கு நடுவே கை வைக்க மட்டும் இடம் இருந்தது. உட்காருங்கள் என்று சொல்வதற்கு முன்பே கேள்வியை ஆரம்பித்துவிட்டார்.

"என்ன சரக்கு?"

"எலும்புக்கூடுங்க. நாப்பது."

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "எதுல செஞ்சது?"

"எலும்புக்கூடு எதுல செய்வாங்க? பிளாஸ்டிக்தான்."

"உள்ள கம்பி இருக்கா? இரும்பா, ஸ்டீலா? பல்லு தனியா செய்யறீங்களா? பெயின்ட் என்ன பெயின்ட்? எதைப் பாத்து அச்சு எடுத்தீங்க?"

"மூலம் ஒண்ணு இருக்கு. அப்பா காலத்துல இருந்து."

"அது எதுல செஞ்சது?"

"அதுவும் அப்படித்தான்."

"அப்படித்தான்னா? யாரு செஞ்சாங்க, எங்க வாங்கினாங்க, பேப்பர் ஏதாவது இருக்கா? நீங்க கையால தட்டிப் பாத்திருக்கீங்களா?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. அனுப்பப் போவது நாற்பது புது ஆள். மூலையில் நிற்கும் வாத்தியாரின் ஜாதகம் இந்த அம்மாளுக்கு எதற்கு? அதோடு விட்டாரா, பெட்டி கட்டுகிற அன்று நேரில் வந்து ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும் என்றார்.

"எங்களைப் பாத்தா திருடங்க மாதிரி இருக்கா?" என்றேன்.

"திருடங்க இப்படித் தடுமாற மாட்டாங்கம்மா. பதிலைத் தயார் பண்ணிட்டு வருவாங்க." சிரிக்காமல்தான் சொன்னார். "என்கிட்ட லாரியும் இல்ல, கப்பல்ல இடமும் இல்ல. சரக்கு என்னன்னு கஸ்டம்ஸ்ல பதில் சொல்றது மட்டும்தான் என் வேலை. நான் பதில் சொல்லணும்னா எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

யோசித்துச் சொல்கிறேன் என்று படியிறங்கினேன். யோசிக்க ஒன்றுமில்லை. மூன்று மாடி ஏறிப்போய் மூக்கு உடைபட்டுத் திரும்பியதுதான் மிச்சம். கேள்வி மேடம் என்று அன்றைக்கே பெயர் வைத்துவிட்டேன்.

ஃபார்வர்டர் தம்பியோடு கல்லூரியில் படித்தவன். எதைக் கேட்டாலும் "ஆயிடும்" என்பான், நண்பர்கள் வைத்த பட்டப்பெயரும் 'ஆயிடும்'தான். குளிர்ச்சியான அறை, சுவர் முழுக்க உலக வரைபடம், கிண்ணத்தில் புதினா மிட்டாய். எங்கள் வாசலில் பெட்டிகளை லாரியில் ஏற்றுவது, துறைமுகத்தில் இறக்குவது, கப்பலில் இடம் பிடிப்பது, அந்தக் கரையில் இறக்கிக் கல்லூரி வாசலில் கொண்டுபோய் வைப்பது. எல்லாவற்றையும் அவனே பார்த்துக்கொள்வான்.

"அந்த கஸ்டம்ஸ் வேலை?" என்றேன்.

"அதுக்குத் தெரிஞ்ச லைசென்ஸ்காரர் ஒருத்தர் இருக்கார் மேடம். நீங்க லிஸ்ட் குடுத்தா டைப் பண்ணி அனுப்பிடுவாரு. ஆயிடும்."

"நேர்ல வந்து பாக்கணுமா?"

"எதுக்கு மேடம்? எங்களுக்கு உங்க மேல நம்பிக்கை இல்லையா?"

சரக்கைப் பற்றி அவன் கேட்ட ஒரே கேள்வி, மொத்தம் எத்தனை பெட்டி என்பதுதான். எனக்கு அவனை ரொம்பப் பிடித்துப்போயிற்று. இரண்டு மிட்டாய் எடுத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை பெட்டி கட்டினார்கள். அன்றுதான் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். சாயங்காலம் தம்பி ஃபோனில், "லாரி போயிடுச்சுக்கா, நாப்பதும் ஏத்தியாச்சு" என்றான். அம்மாவிடம் சொன்னேன். கண் கட்டோடு படுத்திருந்தவள் என் கையைத் தட்டிக் கொடுத்தாள்.

மறுநாள் மதியம் ஆயிடும் கூப்பிட்டான்.

"மேடம், ஒரு சின்ன விஷயம். கஸ்டம்ஸ்ல நிறுத்தி வச்சிருக்காங்க. உங்களையும் தம்பியையும் உடனே வரச் சொல்றாங்க."

"எதுக்கு?"

"அது... நீங்க நேர்ல வாங்க மேடம்."

பேச்சில் ஒரு ஆயிடும்கூட இல்லை. அம்மாவைப் பக்கத்துப் படுக்கைக்காரியின் மகளிடம் ஒப்படைத்துவிட்டு ஓடினேன்.

துறைமுகத்துச் சோதனைக் கொட்டகை தகரக் கூரை போட்டது. வாசலில் தம்பி நின்றுகொண்டிருந்தான். முகத்தில் ஈயாடவில்லை. என்னடா என்று கேட்டேன். கையிலிருந்த தாளை நீட்டினான். அவன் எழுதிக்கொடுத்த பட்டியலை, எங்கள் சரக்கைக் கண்ணால் பார்க்காத எவரோ எங்கேயோ உட்கார்ந்து தட்டச்சு செய்திருந்தார். 'மனித எலும்புக்கூடு, வயது வந்தது, முழுமையானது: நாற்பது.' அவ்வளவுதான். கீழே தம்பியின் கையெழுத்து.

எனக்குச் சிரிப்பும் நடுக்கமும் சேர்ந்து வந்தன. ஒரு சொல், ஒரே ஒரு சொல் விட்டுப்போயிருக்கிறது. உள்ளே போய் விளக்கினால் முடிந்தது என்று நினைத்தேன். "இதுக்காடா இப்படி நிக்கறே?" என்று அவன் தலையில் ஒன்று தட்டிவிட்டு உள்ளே போனேன்.

உள்ளே எங்கள் ஆட்கள் ஒரு நீளக் கம்பியில் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் தொடை எலும்பிலும் துளை போட்டிருந்தார்கள். தரையில் வெள்ளையாகப் பிளாஸ்டிக் சுருள்கள். தூரத்தில் ஒரு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் ஒருவர் மட்டும் படுத்திருந்தார்.

"சார், எல்லாம் பிளாஸ்டிக் சார். லிஸ்ட்ல அதைப் போட விட்டுட்டாங்க" என்றேன் அதிகாரியிடம்.

அவர் நிதானமான மனிதர். குரலை உயர்த்தவே இல்லை. "லிஸ்ட்ல மனித எலும்புக்கூடுன்னு இருந்துச்சு. அதனால எல்லாத்தையும் திறந்தோம், துளை போட்டுப் பாத்தோம். முப்பத்தொம்பதுல சுருள் வந்துச்சு." மேசையிலிருந்த ஒரு காகிதத்தை என் பக்கம் தள்ளினார். அதில் ஒரு சிட்டிகை மாவு மாதிரி ஏதோ இருந்தது. "இதுல இது வந்துச்சு."

"இது என்னங்க?"

"எலும்பும்மா."

அவர் சொன்னது எனக்குக் கேட்டது, புரியவில்லை. எலும்புதானே, நாங்கள் செய்வதே எலும்புதானே என்று வாய்வரை வந்துவிட்டது. மேசைக்குப் பக்கத்தில் போனேன். புது கிரீம் நிறப் பெயின்ட், எங்கள் பட்டறைப் பெயின்ட்தான். இடது மணிக்கட்டில் யாரோ சுரண்டிப் பார்த்திருந்தார்கள். சுரண்டிய இடத்தில் பழைய வார்னிஷ் தெரிந்தது. அதன்மேல் நீலமாக ஒரு மைத் துளி.

எதையாவது பிடித்துக்கொள்ளலாமென்று கையை நீட்டினேன். கைக்குக் கிடைத்தது அந்த மேசைதான், வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். முப்பத்தெட்டு வருஷம் தொட்டுப் புழங்கிய கையை அந்த ஒரு நிமிஷத்தில் தொட முடியவில்லை.

"ஒரு ஆளோட இடுப்பு வெடிச்சிடுச்சுக்கா" என்றான் தம்பி பின்னாலிருந்து. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "திரும்ப ஊத்தி எடுக்க மூணு நாள் ஆகும். கப்பல் போயிடும். நீயும் ஆஸ்பத்திரில இருந்தே. வாத்தியாரும் பிளாஸ்டிக்தானேன்னு ஒரு கோட் பெயின்ட் அடிச்சு ஏத்திட்டேன். அச்சுதான் இருக்கே, புதுசா ஒரு வாத்தியாரை ஊத்திக்கலாம்னு நெனச்சேன்."

"கனம் தெரியலையாடா உனக்கு?"

"பழைய காலத்துப் பிளாஸ்டிக் கெட்டியா இருக்கும்னு நெனச்சேன்க்கா."

திட்ட வாயெடுத்தேன். வரவில்லை. எனக்கு மட்டும் தெரிந்ததா என்ன? அவனாவது தூக்கிப் பார்த்தான்.

மனித எலும்பு நாட்டைவிட்டு வெளியே போகக் கூடாது, அது பெரிய குற்றம் என்று அதிகாரி விளக்கினார். கையெழுத்து யாருடையது என்று கேட்டார். தம்பி கையைத் தூக்கினான், வகுப்பில் வருகைப் பதிவுக்குத் தூக்குகிற மாதிரி. நாற்பது வயதுக்காரன். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

வெளியே வந்து ஆயிடுமைக் கூப்பிட்டேன்.

"மேடம், நாங்க ஏத்தி இறக்கறவங்க. சரக்கு என்னன்னு சொல்றது உங்க பொறுப்பு. நீங்க குடுத்த லிஸ்ட்டை அப்படியே டைப் பண்ணித்தான் குடுத்தோம்."

"எல்லாம் நாங்களே பாத்துக்கறோம்னு சொன்னீங்களே."

"போக்குவரத்தைச் சொன்னேன் மேடம். வெள்ளிக்கிழமை கப்பலுக்கு நாளைக்கு சாயங்காலம் ஆறு மணிக்குள்ள சரக்கு உள்ள போகணும். இல்லைன்னா அந்த இடத்தை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. அதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க."

அவன்மேல் வந்த கோபம் அப்படியே திரும்பி என்மேல் விழுந்தது. அவன் ஒன்றும் பொய் சொல்லவில்லை. கேள்வி கேட்காத ஆளைத் தேடிப் பிடித்தவள் நான். ஃபோனில் கேள்வி மேடத்தின் எண்ணைத் தேடினேன். எண் எழுதிய சீட்டை அன்றைக்கே கிழித்துப்போட்டிருந்தேன், நல்லவேளை முதல் தடவை நான் அழைத்தது பதிவாகியிருந்தது. என் பெயரைச் சொன்னேன், நடந்ததைச் சொன்னேன். அவர் ஒன்றும் குத்திக்காட்டவில்லை. "யாரும் எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க. உக்காருங்க. வரேன்" என்றார்.

முக்கால் மணி நேரத்தில் ஆட்டோவில் வந்திறங்கினார். வந்ததும் மறுபடியும் அதே கேள்விகள். அது யார் செய்தது, எங்கே வாங்கியது, பேப்பர் உண்டா, யார் தொட்டார்கள், எப்போது பெயின்ட் அடித்தார்கள். அன்றைக்குச் சீறிய நான் இன்றைக்கு ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். பெரும்பாலான பதில் 'தெரியாது'. தெரியாது என்று சொன்னதையும் அவர் குறித்துக்கொண்டார்.

"அவங்க கேக்கறதுக்கு முன்னாடி நாமே எழுதிக் குடுத்துடலாம்" என்றார். "உள்ளதை உள்ளபடி. அழகு படுத்த வேண்டாம்."

"தம்பியை உள்ள வச்சுடுவாங்களா?"

"தெரியாதும்மா. எனக்குத் தெரியாததைத் தெரியும்னு சொல்ல மாட்டேன்."

வேறு யாராவது அந்த நேரத்தில் ஆயிடும் என்று சொல்லியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் அவர் 'தெரியாது' என்று சொன்னதில்தான் எனக்கு மூச்சு வந்தது. தம்பி எழுதினான். அவர் வரி வரியாகப் படித்தார். 'தவறுதலாக' என்று அவன் எழுதிய இடத்தில், என்ன தவறு என்று எழுதச் சொன்னார்.

வியாழன் காலையில் அரசு மருத்துவமனையிலிருந்து ஒரு டாக்டர் கொட்டகைக்கு வந்தார். எலும்பு பார்த்துச் சொல்கிற நிபுணராம். மேசையில் இருந்தவரை மேலிருந்து கீழே பார்த்தார், இடுப்பெலும்பை அளந்தார், பல்லைப் பார்த்தார். நாங்கள் சுவரோரமாக நின்றோம். வாத்தியார் அப்படி மல்லாந்து கிடப்பதைப் பார்க்கவே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. நாற்காலி கொடுத்தார்கள், நான் உட்காரவில்லை. அவர் எதிரில் எப்போதும் தரையில் உட்கார்ந்தே பழக்கம்.

"அறுபது எழுபது வருஷப் பழசு இருக்கும். அந்தக் காலத்துல படிப்புக்காகப் பதம் பண்ணினது. வெட்டு, குத்து ஒண்ணும் இல்ல" என்றார் அதிகாரியிடம். புரோக்கர் அம்மாள் நிம்மதியாக மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. டாக்டர் எழுதிக்கொண்டே சாதாரணமாக அடுத்ததைச் சொன்னார். "பொண்ணு. இருபது வயசு இருக்கும். கூடிப்போனா இருபத்திரெண்டு."

"யாரு?" என்றேன்.

"இவங்கதாம்மா."

தம்பி என்னைப் பார்த்தான். நான் தம்பியைப் பார்த்தேன். சார் என்று கூப்பிட்டிருக்கிறேன். என் முதல் மதிப்பெண் அட்டையை விரித்துக் காட்டி "பாஸ் சார்" என்று சொல்லியிருக்கிறேன். என்னைவிடப் பதினாலு வயது மூத்த ஒரு பெண் நின்றுகொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

டாக்டர் இடது முன்கையைத் தூக்கினார். "இங்க பாருங்க, ஒரு மேடு. சின்ன வயசுல கை உடைஞ்சிருக்கு. யாரும் சரியா கட்டுப் போடல. கோணலாவே கூடியிருக்கு."

அந்த மேடு எனக்குத் தெரியும். பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் அச்சில் இருக்கிறது. எங்களிடம் வாங்கிய பள்ளிக்கூடங்களிலிருந்து அறிவியல் ஆசிரியர்கள் எழுதிக் கேட்டிருக்கிறார்கள், இடது கையில் அது என்ன, புத்தகத்துப் படத்தில் இல்லையே என்று. "மனுஷனுக்கு அப்படித்தான் இருக்கும்" என்று அப்பா பதில் போடுவார். கம்பியில் தொங்கிய முப்பத்தொன்பது பேரையும் திரும்பிப் பார்த்தேன். முதல் ஆளின் இடது கையைத் தடவினேன். இருந்தது. அடுத்த ஆள். இருந்தது. நான்காவது ஆளுக்கு மேல் போக முடியாமல் நின்றுவிட்டேன். இத்தனை வருஷத்தில் எத்தனை ஆயிரம் அனுப்பியிருப்போம்? ஒருத்தியின் உடைந்த கையை ஊர் ஊராக, வகுப்பு வகுப்பாக மாட்டிவைத்துவிட்டோம்.

புரோக்கர் அம்மாளுக்கு இதற்கெல்லாம் நேரமில்லை. டாக்டர் எழுதிய தாளை வாங்கிக்கொண்டு அதிகாரியின் அறைக்கும் கணினி இருக்கும் ஜன்னலுக்கும் மாறி மாறி நடந்தார். பட்டியலைத் திருத்தினார். 'பிளாஸ்டிக்கால் செய்யப்பட்ட மாதிரி எலும்புக்கூடு: முப்பத்தொன்பது.' ஒன்று குறைவதற்கான காரணத்தைக் கல்லூரிக்கும் எழுதவைத்தார். சாயங்காலம் ஐந்து நாற்பதுக்கு அதிகாரி கையெழுத்துப் போட்டார். தம்பி ஊரைவிட்டுப் போகக் கூடாது, விசாரணைக்குக் கூப்பிடும்போது வர வேண்டும் என்றார். எங்கள் ஆட்கள் தொடையில் துளையோடு பெட்டிக்குள் போனார்கள். ஆறு மணிக்குச் சில நிமிஷம் முன்பு கேட்டைத் தாண்டினார்கள்.

"நாப்பதாவதையும் எதுலயாவது சேத்து எழுதணுமா?" என்று கேட்டேன். எனக்கு ஒன்றும் ஓடவில்லை, எதையாவது கேட்க வேண்டுமே என்று கேட்டேன்.

கண்ணாடியைக் கழற்றினார். "அது சரக்கு இல்லம்மா. அதுக்கு நான் பேப்பர் போட மாட்டேன்."

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்து சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். ஒரு கண்ணில் கட்டு. நடந்ததைச் சொன்னேன். வாத்தியார் நிஜம் என்று சொன்னபோது அவள் திடுக்கிடுவாள், பிடித்துக்கொள்ள வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் அசையவே இல்லை.

"அம்மா, உனக்குத் தெரியுமா?"

படுக்கை விரிப்பை நீவிவிட்டாள்.

"தெரியுமான்னு கேக்கறேன்."

"உங்கப்பா கொண்டு வந்த அன்னைக்கே சொன்னார். ஏதோ பழைய காலேஜ்ல தூக்கிப் போடறாங்கன்னு வாங்கிட்டு வந்தார். நிஜம்னு சொன்னா வேலைக்கு ஆள் வராது, பிள்ளைங்க பயப்படும்னு சொல்லிட்டார்."

"பொண்ணுன்னு தெரியுமா?"

"தெரியும்."

"நான் சார் சார்னு கூப்பிட்டேனேம்மா. ஒரு நாளாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

கட்டில்லாத கண்ணால் என்னைப் பார்த்தாள். "என்னால முடிஞ்சதைச் செஞ்சேன். ஆம்பளைங்க வந்து போற எடம். தனியா நிக்கற பொண்ணு. சாயங்காலமானா போத்திவிடுவேன்."

முப்பத்தெட்டு வருஷம் அதைத் தூசிக்கென்று நினைத்திருந்தேன். எனக்கு அம்மாமேல் கோபம் வந்தது, அப்பாமேல் வந்தது, அவர்கள் இருவரையும் விட அதிகமாக அந்த மூன்றாவது மாடியிலிருந்து விடுவிடென்று இறங்கிய என்மேல் வந்தது. தட்டிப் பார்த்தீர்களா என்றுதான் அந்த அம்மாள் கேட்டார். எங்கள் வீட்டில் யாரும் அதுவரை கேட்காத கேள்வி.

சரக்கு போய்ச் சேர்ந்தது. கல்லூரி அடுத்த வருஷத்துக்கு அறுபது கேட்டிருக்கிறது. விசாரணை இரண்டு மாதம் நடந்தது. தம்பியைக் கடுமையாக எச்சரித்து விட்டுவிட்டார்கள். இடது கைக்குப் புது அச்சு எடுக்கலாமா என்று பட்டறையில் கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

விசாரணை முடிந்ததும் மருத்துவமனையில் எலும்புகளை எடுத்துக்கொள்ள உரியவர் யாராவது உண்டா என்று கேட்டார்கள். இல்லாவிட்டால் அவர்களே மொத்தமாக அடக்கம் செய்துவிடுவார்களாம். நான் விண்ணப்பத் தாளை வாங்கிக்கொண்டு நேரே மூன்றாவது மாடிக்கு ஏறினேன். இது அவர் வேலை இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் இனி எந்தத் தாளையும் தனியாக நிரப்பும் துணிச்சல் எனக்கில்லை.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

"பேரு?"

"தெரியாது."

தெரியாது என்று எழுதினார். "ஊரு?"

"தெரியாது."

"வயசு?"

"இருபது. கூடிப்போனா இருபத்திரெண்டு."

"அவங்க உங்களுக்கு என்ன முறை?"

அந்தக் கட்டத்துக்கு நேரே பேனா நின்றது. வெளியே படியில் யாரோ மூச்சு வாங்க ஏறி வரும் சத்தம் கேட்டது. நான் ஜன்னலைப் பார்த்தேன், கோப்புகளைப் பார்த்தேன், என் வலது கையைப் பார்த்தேன். அவள் கையில் பை மாட்டிவிட்ட கை.

"அக்கா" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். கேட்காமல் விடுகிற ஆளா அவர்? "உங்களுக்கு நாப்பத்திநாலு. இருபது வயசுப் பொண்ணு எப்படிம்மா அக்கா ஆகும்?"

"நான் மொதல்ல பாக்கறப்ப எனக்கு ஆறு வயசுங்க."

அவர் குனிந்து, அந்தக் கட்டத்தில் அக்கா என்று எழுதினார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.